முதல் பாடம் வட்டிக் கணக்கு

காரைக்குடிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பங்குச்சந்தைப் பயிலரங்கு நடத்துகிறார்கள். பணத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும்தான். பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்பேன். ஆனால் முதலில் வட்டிக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள், பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு அப்புறம் வரட்டும்.

'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36. வங்கியில் பத்து சதவீதம் என்றதும், மூணுதானே கம்மி என்று நினைக்கிற பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறுகிறது.

பைக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம், 12 சதவீத ஃபிளாட் வட்டி, மூன்று வருடம். வட்டி மட்டும் 36,000. மாதத் தவணை சுமார் 3,778. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு வகுப்பில் புரிந்துவிடும்.

கடல் கடந்து லேவாதேவி செய்த நகரத்தார் தங்கள் பையன்களை இப்படித்தான் பழக்கினார்கள். முந்திரி, காணி என்று பின்ன வாய்பாடு மனப்பாடம். அப்புறம் கடையில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடி வேலை, பிறகு அடுத்தாள் என்ற உதவியாளர் வேலை. பேரேடு எழுதவும் ஐந்தொகை (வரவு, கடன், சொத்து நிலையைக் காட்டும் கணக்கு) எடுக்கவும் தேறிய பிறகுதான் ஏஜெண்டாக அடுத்தவர் முதலைக் கையாள விடுவார்கள். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நேரத்தில் தொடங்கியதற்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஆனால் அது ஆண்பிள்ளைகளோடு, ஒரு சமூகத்தோடு நின்றுபோனது. இன்று அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும்.

முதலீட்டுப் பாடத்துக்கும் உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், நகரத்தார் கதையே போதும். 1930-களில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்த நகரத்தார் செட்டியார்கள் கைக்கு வந்தது. விவசாயி நிலத்தை இழந்தான். கொடுத்தவர்களின் முதலோ விற்க முடியாத நிலமாக முடங்கியது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது, பிறகு நிலம் அரசுடைமையானது. எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்?

இதெல்லாம் தெரியாமல் பங்குகளின் வருங்கால விலையை வைத்துப் பந்தயம் போல் நடக்கும் எஃப் அண்ட் ஓ வணிகத்தின் பக்கம் போகிறார்கள். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாக பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே சொல்கிறது. பயிலரங்கு நடத்துபவர்கள் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். வணிகவியல் ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். வீட்டிலிருக்கும் நகைக்கடன் சீட்டு, தவணை அட்டை எதையாவது பிள்ளைகள் கொண்டுவரட்டும், கணக்கை அவர்களே போடட்டும்.