புது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை உடனே பிரிக்க வேண்டுமா?

புது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி, பெல்லட் என்ற சின்னக் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி) வாங்கியதுமே பிரித்து, கடினமான ஸ்பிரிங் போட்டால்தான் ஒழுங்காகச் சுடும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஆரம்பத்தில் புகை வருவதும் வேகம் ஏறி இறங்குவதும் பெரும்பாலும் பிஸ்டன் அறையில் மிஞ்சிய எண்ணெய் எரிவதால்தான். சில நூறு பெல்லட் சுட்டால் அடங்கிவிடும். பிறகு பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அளந்து பார்த்து முடிவெடுக்கலாம்.

உள்பாகங்களை மாற்றிச் சீராக்கும் ட்யூனிங்கே வீண் என்று சொல்லவில்லை. ஸ்பிரிங்கை நேராகப் பிடிக்கும் ஸ்பிரிங் கைடு தளர்ந்து, சுடும்போது 'கிண்'ணென்று அதிர்ந்தால், இறுக்கமான கைடும் கொஞ்சம் கிரீஸும் நன்றாகவே உதவும். பவர் ஏறாது, ஆனால் சுடுவது மென்மையாகும். கடினமான ஸ்பிரிங்கோ உதைப்பைக் கூட்டிக் குறியைக் கெடுக்கும். பவர் ஏறினால் சட்டச் சிக்கலும் வரலாம்: இங்கிலாந்தில், குழல் முனையில் பெல்லட்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டிய ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பிரிப்பதானால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மெல்லத் தளர்த்தும் ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் கை போகும், பெரும்பாலும் வாரண்டியும்.