வெள்ளம் பொதுதான், நட்டம் பொதுவில்லை

“காலநிலை மாற்றம் கமக்காரர் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் தாக்கும், இதில் ஆணென்ன பெண்ணென்ன” என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிக் காலபோகம், அதாவது மாரிமழைக் கால நெற்செய்கை, அழிந்தால், உழவுக்கும் உரத்துக்கும் கடன்பட்ட ஆணை வட்டி நெரிக்கும். களை எடுக்கவும் கச்சான் பிடுங்கவும் போகும் பெண்ணுக்கோ அன்றாடக் கூலியே நின்றுவிடும். சரி, கிணறு வற்றினால் குடத்தோடு நடப்பது யார்? பெரும்பாலும் அவள்தான்.

காணி விஷயம் இன்னும் மோசம். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுத்த அரச காணிகள், ஏராளம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022 இல்தான் திருத்தினார்கள். போரில் கணவனை இழந்து தனியே கமம் செய்யும் பெண்கள் இங்கே நிறையப் பேர். பத்திரம் இன்னும் கணவன் பெயரிலேயே கிடந்தால், நட்டஈட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் அலைய வேண்டியது அவள்தான்.