பூச்சி வளர்க்கத்தான் சம்பளமா?

எந்த வீடியோவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாரும் எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், சிலர் சிரிப்புப் பொம்மையோடு. ஒரு விவசாயக் கண்காட்சி மேடையில் பேசியவர் பூச்சி ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றி என்ன சொன்னார், கீழே எப்படிக் கைதட்டினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். “வருஷக்கணக்கா பூச்சி வளர்த்தாங்க, சம்பளம் வாங்கினாங்க, ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்களா?” அதே மேடையில் கொஞ்ச நேரத்தில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனிக்காரருக்குச் சால்வை. சரி, சால்வை அவர்கள் காசு, யாருக்கு வேண்டுமானாலும் போர்த்தட்டும். எனக்கு அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை. தட்டியவர்களில் பாதிப் பேர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர்கள்.

முதலில் அவர் கேள்விக்குப் பதில். இல்லைங்க, ஒரு மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. அது உயிரியல் கட்டுப்பாடு என்கிற இந்தத் துறைக்காரர்களின் வேலையே இல்லை. ஒரு பூச்சிக்கு எதிரியான இன்னொரு பூச்சியைத் தேடிக் கொண்டுவந்து, அது வேறு எதையாவது கெடுக்குமா என்று சோதித்து, வளர்த்து, வயலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வேலை. அது அங்கே நிலைத்துவிட்டால் தானாகப் பெருகும், தானாகப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், அடுத்த வருஷம் யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விற்க ஒன்றும் மிஞ்சாது. விற்க ஒன்றும் இல்லை என்பதால் செய்ததும் ஒன்றும் இல்லை என்றாகிவிடுமா? என்னிடம் இருப்பது இந்த ஒரே கேள்விதான், பதிவு முழுக்க இதையேதான் கேட்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹான்ஸ் ஹெரன் என்று ஒருவர். சுவிட்சர்லாந்தில் பண்ணையில் வளர்ந்து, சூரிக்கில் பூச்சியியல் படித்து, கலிபோர்னியாவில் பெர்க்லி போய், 1979-ல் நைஜீரியாவின் இபாடான் ஊரில் உள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. ஆப்பிரிக்காவில் அந்தச் சமயம் மரவள்ளி செத்துக்கொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, வெள்ளை மாவு பூசியதுபோல் செடியில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சுவது, கண்டம் முழுக்கப் பரவிவிட்டது, சில இடங்களில் 80 சதவீதம் வரை விளைச்சல் போனது. சுமார் 20 கோடி பேர் அந்தக் கிழங்கை நம்பிச் சாப்பிடும் இடம் அது. நமக்கு ஜவ்வரிசிக்கு ஆகும் கிழங்கு, அவர்களுக்கு அதுதான் சோறு.

இவர் என்ன செய்தார்? மரவள்ளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், அப்படியானால் இந்தப் பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும், அங்கே அதை அடக்கிவைக்கும் ஏதோ ஒன்று இருக்கும், அதைப் பிடிக்கலாம் என்றார். சொல்லச் சுலபம். கலிபோர்னியாவில் தொடங்கித் தெற்கே தெற்கே என்று தேடினார்கள். நடுவில் பார்க்க அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, ஆனால் இனம் வேறு, அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவில்லை. அந்த வேறு பூச்சிக்குப் போய் அவர் பெயரையே வைத்தார்கள். விஞ்ஞானிகளுக்கு எப்படியெல்லாம் மரியாதை கிடைக்கிறது பாருங்கள். கடைசியில் 1981-ல் சரியான பூச்சியை பராகுவேயில் பார்த்தவர் டோனி பெல்லோட்டி, கொலம்பியாவில் இருந்த இன்னொரு ஆராய்ச்சி நிலையத்துக்காரர். இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அந்த மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும் ஒரு ஒட்டுண்ணிக் குளவி அங்கே கிடைத்தது. அனகைரஸ் லோபெசி. எள்ளைவிடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. லண்டனில் தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்து, இபாடானுக்குக் கொண்டுபோய், அதே வருஷக் கடைசியில் விட ஆரம்பித்தார்கள். பிறகு விமானத்திலிருந்துகூட விட்டார்கள். 1990 வாக்கில் 20-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைத்துவிட்டது. மாவுப்பூச்சி அழிந்துபோகவில்லை, அடங்கிப்போனது.

1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இரண்டு கோடி உயிர்களைக் காப்பாற்றிய வேலை என்று சொல்கிறார்கள். உயிர்க்கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று வாதம் பண்ண விருப்பமுள்ளவர்கள் பண்ணலாம், எனக்கு நேரமில்லை. காசுக்கணக்கு வேண்டுமா? 1988-ல் நார்கார்ட் என்ற பொருளியலாளர் கணக்குப் போட்டார், 1 டாலர் செலவுக்கு 149 டாலர் பலன். மேடையில் பேசியவர், கம்பெனி மருந்து ஏதாவது ஒன்றுக்கு இந்தக் கணக்கைக் காட்டட்டும், நானே சால்வை வாங்கி வருகிறேன்.

‘ஆப்பிரிக்காவில் நடந்ததற்கு இங்கே என்ன?’ இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளாவில் திருச்சூர் பக்கம் தென்பட்டது. அப்புறம் சேலம், நாமக்கல், தர்மபுரி. எங்கள் பக்கம் நடவுக்கான மரவள்ளிக் குச்சி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வண்டி வண்டியாகப் போகும், பூச்சியும் கூடவே போனது. நுனி சுருண்டு கொத்தாகக் குட்டையாக நின்ற செடிகளை நீங்களே பார்த்தீர்கள். கிழங்கு சிறுத்தது, சேகோ மில்லில் பாயின்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) இறங்கியது, விலையும் கூடவே இறங்கியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. ஹெரன் ஆரம்பித்துவைத்த அதே வேலையின் தொடர்ச்சியாக அங்கே காப்பாற்றி வைத்திருந்த குளவி. தாய்லாந்துக்காரர்கள் அவர்கள் ஊரில் இந்தப் பூச்சி புகுந்தபோது, 2009-லேயே, இதே பெனினில்தான் வாங்கினார்கள். நமக்கு 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதல்முதலாக விட்டார்கள். ஏத்தாப்பூர். ஆத்தூர் பஸ்ஸில் போனால் இறங்கிவிடலாம். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்?

இதற்கு முன்னால் 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி வந்ததாவது ஞாபகம் இருக்கிறதா? கோயம்புத்தூரில் அதை அடையாளம் கண்டவர்களில் ஒருவர் முனியப்பன், குவாம் தீவில் பல காலம் இதே வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் போன நம்ம ஊர்க்காரர். அந்தப் பூச்சி மல்பெரியிலும் ஏறியதால் பட்டுப்புழுவுக்கு இலை இல்லாமல் செடியைப் பிடுங்கிப்போட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்தது, விட்டார்கள், கொஞ்ச காலத்தில் பூச்சியின் பேச்சே ஓய்ந்துவிட்டது. அதற்கும் முன்னால், உங்கள் பாட்டன் காலத்தில், சப்பாத்திக்கள்ளி. நிலமெல்லாம் முள்ளாகக் கிடந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், கள்ளி பட்டுப்போனது. அந்த நிலத்தில்தான் இன்றைக்கு யாரோ வீட்டுமனை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கள்ளி இருந்ததே யாருக்கும் நினைவில்லை, பூச்சியைக் கொண்டுவந்தவரை எப்படி நினைவிருக்கும்.

இனி எதிர்ப்பாளர்கள். ‘வெளிநாட்டுக் குளவியை நம் மண்ணில் விடலாமா, ஆஸ்திரேலியாவில் தேரை விட்ட கதை தெரியாதா?’ தெரியும். 1935-ல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று குவீன்ஸ்லாந்தில் தேரையை விட்டார்கள், அது வண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றது. வாயில் அகப்பட்டதை விழுங்கும் பிராணி அது. அந்தத் தப்பையெல்லாம் பார்த்துத்தான் இப்போது இவ்வளவு விதி. இந்தக் குளவி வளர்வதற்கு மாவுப்பூச்சியின் உடம்பு வேண்டும், மாங்காயும் தின்னாது, உங்கள் தேனீயையும் தொடாது. இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல், நம்ம ஊரின் மற்ற நல்ல பூச்சிகளைப் பாதிக்கிறதா என்ற சோதனை, எல்லாம் முடிந்துதான் வெளியே வரும். வெளிநாட்டுக் குளவி கூடாது, வெளிநாட்டு மருந்து மட்டும் பரவாயில்லை, வெளிநாட்டு மரவள்ளியும் பரவாயில்லை. நல்ல நியாயம்.

‘இங்கே மரவள்ளி மாவுப்பூச்சி மழையில் தானாகப் போனது’ என்பவர்களுக்கு: பலத்த மழையில் மாவுப்பூச்சி குறையும், உண்மை. அப்படியானால் முந்தைய வருஷ மழையில் ஏன் போகவில்லை?

‘எல்லாப் பூச்சிக்கும் இது நடக்குமா?’ நடக்காது. மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது இப்படி ஒரே குளவியில் முடிந்துவிடவில்லை. நடந்த இடத்தையாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன்.

‘மருந்துக் கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?’ பிழைக்கட்டும்.

இப்போது என் கதை. நானும் பூச்சி வளர்த்தவள்தான். ஒரு ஆய்வகத்தில், ப்ராஜெக்ட் வேலை. என்ன வளர்ப்பு என்று நினைக்கிறீர்கள்? முளைவிட்ட உருளைக்கிழங்கிலும் பூசணியிலும் தொட்டிச் செடியிலும் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பரவும்வரை காத்திருந்து, அதன்மேல் குளவியை விட்டு, அடுத்த தலைமுறை வெளியே வந்ததும் ஒவ்வொன்றாக வாயால் உறிஞ்சும் குழாயில் பிடித்துச் சின்னக் குப்பியில் அடைக்க வேண்டும். எறும்பு ஏறினால் எல்லாம் போச்சு, மேசைக்கால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் கிண்ணம். பூசணி அழுகினால் வரும் வாடை தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். கரண்ட் போனால் அறை சூடாகிவிடும் என்று ராத்திரியில் போன் போட்டு வாட்ச்மேனைக் கெஞ்ச வேண்டும். பொங்கலன்றும் குளவிக்குத் தேன் வைக்க யாராவது போயாக வேண்டும், கல்யாணம் ஆகாதவள் என்பதால் அது நான். அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பார், “பூச்சி புடிக்கவா கண்ணு இவ்வளவு படிச்சே?” ஒரு தோட்டக்காரர் இன்னும் மேலே போனார், “நாங்க காசு குடுத்து ஒழிக்கறோம், நீ காசு வாங்கிட்டு வளர்க்கறயாம்மா?” அதற்கு நானும் சிரித்துவிட்டேன், நல்ல கேள்விதானே.

சிரிக்க முடியாதது எங்கள் சொந்த மரவள்ளித் தோட்டத்தில் நடந்தது. குளவி விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள் அப்பா, குளவியும் செத்துப்போகும், மாவுப்பூச்சிமேல் இருக்கும் மெழுகில் மருந்து ஒட்டாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடிக்காமல்தான் இருந்தார். அடுத்த பருவத்தில் செடி நிமிர்ந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தால் மாவுப்பூச்சிகள் உள்ளே காலியாகி, ஓட்டை விழுந்து, காய்ந்த ஓடாக ஒட்டிக்கொண்டிருந்தன. குளவி வெளியே வந்த ஓட்டை. நான் லென்ஸ் எடுத்துக் காட்டினேன், அவரும் பார்த்தார். அதன் பிறகு டீக்கடையில் யாரோ கேட்டதற்கு அப்பா சொன்ன பதில், “கடைக்காரத் தம்பி போன வருஷம் ஒண்ணு குடுத்தான், நல்ல மருந்து, அதுலதான் நின்னுச்சு.” நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவையே நம்பவைக்க முடியாதவள் அந்த மேடைக்காரரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அப்பா ஒரு டீக்கடையில் சொன்னார். மேடைக்காரர் மைக்கில் சொன்னார், கீழே கைதட்டினார்கள், நீங்கள் எனக்கு அனுப்பினீர்கள். மருந்துக்கு பாட்டில் இருக்கிறது, லேபிள் இருக்கிறது, ஏஜென்ட் இருக்கிறார், டீலர்களைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்து டூர் போகிறார்கள். குளவிக்கு யார் இருக்கிறார்கள்? பூச்சி அடங்கியதும் எங்கள் ப்ராஜெக்டும் முடிந்தது. அதாவது, வேலை நன்றாக நடந்தால் வேலை போய்விடும். பூச்சி இன்னும் நாலு வருஷம் இருந்திருந்தால் எங்களுக்கு நாலு வருஷச் சம்பளம். இதை நினைத்துப் பார்த்துவிட்டு ‘பூச்சி வளர்த்துச் சம்பளம் வாங்கினாங்க’ என்று இன்னொருமுறை சொல்லுங்கள். கூட இருந்தவர்களில் ஒரு பெண் இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள், நல்ல சம்பளம், வண்டி கொடுத்திருக்கிறார்கள். அவளை நான் குறை சொல்லவே மாட்டேன். அவளுக்கு ஒருநாள் சால்வைகூடக் கிடைக்கலாம்.

ஹெரன் பிறகு நைரோபியில் பூச்சி ஆராய்ச்சி மையத்துக்கே தலைவராகப் பத்து வருஷத்துக்குமேல் இருந்தார். அவருக்குப் பரிசு, பதவி, எல்லாம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் இபாடானில் தொட்டித் தொட்டியாக மரவள்ளி வளர்த்து அதில் மாவுப்பூச்சி ஏற்றியவர்கள் யார் யார்? அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? அவர்கள் வீட்டிலும் ஒரு அத்தை கேட்டிருப்பார்.

கமெண்டில் வந்து ‘மேடம், எங்க தோட்டத்துல மறுபடி வெள்ளையா இருக்கு, என்ன அடிக்கலாம்’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எதையும் அடிப்பதற்கு முன்னால் நுனியை ஒடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெயில் படாமல் வையுங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். உள்ளே கொசுவைவிடச் சின்னதாக ஏதாவது பறந்தால் அது குளவியாக இருக்கலாம், படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அந்த வீடியோவை அனுப்புவதை மட்டும் நிறுத்துங்கள்.