கல்லீரலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்

அண்ணாச்சி, "எச்.ஐ.வி. மாத்திரை ரெண்டு வருசத்துல கல்லீரலைத் தின்னுரும், நிறுத்திட்டு கீழாநெல்லி குடிங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, இதை நம்பி யாராவது நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பழைய மருந்துகளில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். நெவிராபின் சிலருக்கு, அதுவும் முதல் 18 வாரத்துக்குள், கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியது; சிடி4 (நோய் எதிர்ப்புக்கான ஒருவகை வெள்ளையணு) எண்ணிக்கை 250-க்கு மேல் இருந்த பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். இன்று அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையங்களில் பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் கல்லீரல் பாதிப்பு அரிது; டெனோபோவிருக்காக டாக்டர்கள் அதிகம் கவனிப்பது சிறுநீரகத்தைத்தான்.

அப்புறம் நீங்கள் சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் ஒன்று. டெனோபோவிரும் லாமிவுடினும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்கி வைப்பவை, அதனால் அந்தத் தொற்றும் சேர்ந்து இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் கிளம்பிவிடும், கல்லீரல் வீங்கி, சிலருக்கு அது செயலிழந்தே போகும்.

மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்தால் உடனே இந்த மாத்திரைமேல் பழி போடுகிறோம். குடி காரணமாக இருக்கலாம், காசநோய்க்குச் சேர்த்துக் கொடுக்கும் ஐசோனியாசிட், பைரசினமைட் காரணமாக இருக்கலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் நிறம் அடர்ந்தால், அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், எந்த மருந்தை மாற்றுவது என்று அங்கே சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணாச்சி.