38,000 கிலோமீட்டர்தான் சார்!

'தான்' என்ற இரண்டெழுத்து எனக்கு இதுவரை 85,200 ரூபாய் செலவு வைத்திருக்கிறது. "2012 மாடல் சார், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்றார் பழைய கார் தரகர். அந்த வாக்கியத்தில் 2012 என்று ஒன்று இருந்ததே என் காதில் ஏறவில்லை. பன்னிரண்டு வருடத்தில் 38,000 என்றால் ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட இல்லை. கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் போய் வந்த வண்டி, அடிபடாத வண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. 2,20,000 ரூபாய் கொடுத்து 2024 செப்டம்பரில் தாம்பரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு அடுத்த வீட்டுக்காரரிடம் நானும் அதையேதான் சொன்னேன்: "38,000தான் சார்!"

மீட்டரைத் திருத்தியிருப்பார்கள் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். திருத்தவில்லை. பெடல் ரப்பர் தேயவில்லை, ஸ்டீயரிங் வழுவழுப்பாகவில்லை, பழைய சர்வீஸ் பில்களில் இருந்த கணக்கும் ஒத்துப்போனது. வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை தேடினேன், ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு தேடினேன். ஒன்றும் இல்லை. ஏமாற்றியிருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பான். இங்கே ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கூட்டிப்போன மெக்கானிக் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு என்ன பார்த்தார் தெரியுமா? பானெட்டைத் திறந்தார், ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்தார், காதைக் கொடுத்துக் கேட்டார். "இன்ஜினில் கையே வைக்கவில்லை சார், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றார். உண்மை. இன்றைக்கும் அந்த இன்ஜின் பூனைபோல ஓடுகிறது. நம் ஊரில் பழைய கார் பார்ப்பது என்றால் இன்ஜின் பார்ப்பது, ஏசி குளிர்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். இன்ஜினைத் தாங்கும் மவுண்டை யார் பார்த்தார்கள்? சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷை யார் பார்த்தார்கள்? ஹோஸ், பெல்ட், ஆயில் சீல், பிரேக் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் கடுகளவு ரப்பர்? இவையெல்லாம் வண்டி ஓடினால்தான் தேயும் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? ரப்பர் நிழலில் நின்றுகொண்டே கிழடாகும்.

முதல் பாடம் டயர். தரையைப் பிடிக்கும் பட்டன் அப்படியே இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். மூன்றாவது மாதம் காற்று நிரப்பும் பையன்தான் பக்கவாட்டில் விரலை ஓட்டி, மயிரிழை மயிரிழையாக வெடித்திருப்பதைக் காட்டினான். அங்கேயே நான்கு இலக்கம் பொறித்திருந்தது: 3812. 2012ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்த டயர். ஒவ்வொரு டயரின் மேலும் பிறந்த தேதி எழுதியிருக்கிறது, இரண்டு லட்சத்துக்கு மேல் புரளும் பேரத்தில் நான் உட்பட ஒருவரும் குனிந்து அதைப் படிக்கவில்லை. 16,800 ரூபாய்.

அப்புறம் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. கரடுமுரடான சாலையில் 'கடக் கடக்' என்றது. புஷ், மவுண்டிங், லோயர் ஆர்ம் எல்லாம் சேர்த்து 18,000. கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள்; ரேடியேட்டர் துருவேறிப் பல்லிளித்தது. அந்த நல்ல ஆசிரியர் ஏசியை வீணாகப் போடமாட்டாராம். ஏசி ஓடாமல் கிடந்தால் கம்ப்ரசர் எண்ணெய் சுற்றாது, சீல்கள் காயும், கேஸ் கசியும். அவருடைய சிக்கனத்துக்கான பில் என் பெயருக்கு வந்தது, கூலிங் காயிலோடு சேர்த்து 14,500. நின்ற வண்டி என்றால் எலிக்குக் குடியிருப்பு. கடித்த வயருக்கு மெக்கானிக் கறுப்பு டேப் சுற்றிக்கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. புண்ணியவான்!

வாட்டர் பம்ப் ஒழுகுகிறது என்று பிரித்தபோதுதான் உண்மையிலேயே வேர்த்துவிட்டது. வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை மெக்கானிக் வளைத்துக் காட்டினார். உட்புறம் பல்லுக்குப் பல் விரிசல். ஓடும்போது அது அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும், எல்லோரும் மெச்சிய அந்த இன்ஜினைத் தலைகீழாகப் பிரித்திருக்க வேண்டும். "இன்னும் லட்சம் கிலோமீட்டரே ஆகவில்லையே?" என்று கேட்டேன். காருடன் வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே வருடமும் போட்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றவும் என்று அச்சடித்திருக்கிறது. 'எது முந்துகிறதோ' என்ற அந்த இரண்டு சொற்களை இந்த நாட்டில் படித்தவர் எத்தனை பேர்? பிரேக் ஆயிலுக்கும் அப்படித்தான். ஈரத்தை உறிஞ்சும் திரவம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்கிறார்கள். என் வண்டியில் இருந்தது தேயிலைக் கஷாயத்தின் நிறத்தில் இருந்தது.

காப்பீட்டுக்காரர்களுக்கு மட்டும் இது நன்றாகத் தெரியும். விபத்துக்கு இழப்பீடு கேட்டுப் போனால் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொண்டுதான் பேசுவார்கள். அரசாங்கத்துக்கும் தெரியும். ஆர்சிக்கு, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழுக்கு, ஆயுள் 15 வருடம். என்னுடையது 2027 நவம்பரில் முடிகிறது. 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். "ஐயா, குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்று அங்கே போய் நின்றால் சலுகை கிடைக்குமா? இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், பெரிய செலவில்லை, வழக்கமான சர்வீஸிலேயே செய்துகொள்ளலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. மறுபடியும் ரப்பர்!

14 மாதத்தில் நான் ஓட்டியது 9,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ரிப்பேர் மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்பதரை ரூபாய். அந்த மாதங்களில் லிட்டர் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் விற்ற பெட்ரோல், ஊருக்குள் 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. அது ஏழேகால் ரூபாய்கூட ஆகவில்லை. பெட்ரோலைவிட அதிகமாக ரப்பரைக் குடிக்கிறது என் கார். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பாகம் தேடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். இரும்புக்குச் சரி. பன்னிரண்டு வருட ரப்பரைக் கழற்றிவிட்டு அங்கிருந்து இன்னொரு பன்னிரண்டு வருட ரப்பரை வாங்கி மாட்டவா?

ஆட்டோவிலேயே போயிருக்கலாம் என்று வீட்டில் ஒருவர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை.

விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளைஞர் மனைவி குழந்தையோடு பார்க்க வந்தார். மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய பில்லைத் தேதிவாரியாகக் கோத்து வைத்த கோப்பை மேசையில் எடுத்து வைத்தேன். என்னைக் கேட்டால் வண்டியில் விலை மதிப்புள்ள பொருள் அந்தக் கோப்புதான். அவர் அதைத் திறக்கவே இல்லை. டயரின் பட்டனைத் தடவினார். ஏசியைப் போட்டுக் கையை நீட்டினார். பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்து இன்ஜினைக் கேட்டார்.

"எவ்வளவு சார் ஓடியிருக்கிறது?"

"47,000."

"47,000தானா!" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம். புதன்கிழமை முன்பணத்தோடு வருகிறாராம்.