பூநாரை தரும் சான்றிதழ் செல்லாது

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இறங்கினால் போதும், என் முகநூல் முழுக்க அதே படம்தான். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி எடுத்திருப்பார்கள். எடுக்கட்டும், நானும் ஓரங்கட்டுகிற ஆள்தான். கூடவே போடுகிற வரிதான் எரிச்சல்: "சதுப்பு நிலம் மீண்டுவிட்டது, பறவைகளே சாட்சி!"

சாட்சி சொல்ல வந்தது யார் என்று பார்க்க வேண்டாமா?

உலகில் பூநாரை ஆறு வகை. அதில் நான்கு அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நம் நாட்டில் இருப்பவை பெரிய பூநாரையும் சிறிய பூநாரையும். வெளிறிய ரோஜா நிற அலகில் நுனி மட்டும் கறுப்பென்றால் பெரியது. அலகு முழுக்கவே அடர்நிறமென்றால் சிறியது. குஜராத்தின் கட்ச் ரண் பகுதியின் உப்புச் சேற்றில் மண்ணைக் குவித்து, கூட்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும்.

இந்தக் குடும்பத்துக்கே ஒரு குணம் உண்டு. மற்ற பறவைகள் வேண்டாமென்று விட்ட தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். தான்சானியாவில் நாட்ரான் என்று ஓர் ஏரி. நம் தோல் பட்டால் எரியும் அளவுக்குக் காரத்தன்மை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறிய பூநாரைகள் பெரும்பாலும் குஞ்சு பொரிப்பது அங்கேதான், வேட்டையாடும் விலங்குகள் எளிதில் வராது என்பதால். ஆண்டிஸ் மலையின் உப்பு ஏரிகளிலும் இதே கதை.

சாப்பாடும் அப்படித்தான். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து இழுத்துத் தள்ளும். அலகின் ஓரம் சல்லடை மாதிரி, தீனி உள்ளே தங்கிவிடும். சிறிய பூநாரைக்கு நுண்பாசி. பெரியதற்குக் கூனிறால், நத்தை, அப்புறம் சேற்றில் நெளிகிற சிவப்புப் புழுக்கள். சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அந்தப் புழுக்கள் செழிக்கும். மும்பையை ஒட்டிய தானே (Thane) கழிமுகத்தில் பூநாரைகள் லட்சத்துக்கும் மேல் கூடுவதற்கு, கழிவுநீரால் பாசி பெருகியதும் ஒரு காரணம் என்று பறவை ஆய்வாளர்களே சொல்கிறார்கள். (சிறகின் சிவப்பும் தீனியிலிருந்து வருவதுதான். குஞ்சு சாம்பல் நிறம்.)

பழவேற்காட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முகத்துவாரம் தூர்ந்து ஏரி ஆழம் குறைந்தால் இறால் வரத்து போச்சு என்று மீனவர்கள் புலம்புகிறார்கள். ஆழம் குறைந்த அதே நீர் பூநாரைக்கு நடந்து மேயத் தோது. பறவை கூட்டமாக நிற்கிறது, ஏரி நலம் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆக, பூநாரை வந்ததென்றால் தண்ணீர் முழங்கால் மட்டத்தில் இருக்கிறது, சேற்றில் தீனி இருக்கிறது, அவ்வளவுதான். வரவேற்க வேண்டிய விருந்தாளிதான், சந்தேகமில்லை. ஆனால் பள்ளிக்கரணையின் நாடியைப் பிடிக்க வேறு பறவைகளைத்தான் பார்க்க வேண்டும். கோரைக்குள் நடமாடும் நீலத் தாழைக்கோழி, மிதக்கும் இலைமேல் முட்டையிடும் இலைக்கோழி, முக்குளிப்பான். மரபணு ஆய்வுகளின்படி பூநாரைக்கு நெருங்கிய சொந்தம் இந்த முக்குளிப்பான்தானாம்! இவற்றுக்குச் செடி வேண்டும், முங்கி மீன் பிடிக்க ஆழம் வேண்டும், குஞ்சு வளரும்வரை நீர்மட்டம் நிற்க வேண்டும். இவற்றைப் படமெடுத்துப் போட்டால் பத்து லைக் தேறாது, தெரியும்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் பள்ளிக்கரணை. முன்பிருந்த பரப்பில் சிறு பகுதிதான் மிச்சம். தென்சென்னையின் வெள்ளம் இதில் தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகத்தான் வடிய வேண்டும். ஒட்டியே பெருங்குடி குப்பைமேடு. அதைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது, நல்ல விஷயம். அகற்றியபின் கிடைக்கிற நிலம் சதுப்பு நிலத்துக்கே திரும்புமா, இல்லை அதன்மேல் வேறு ஏதாவது எழும்புமா? நம் வார்டு கவுன்சிலரிடமும் தொகுதி எம்எல்ஏவிடமும் இதைக் கேட்கப் போகிறேன். யாராவது கூட வருகிறீர்களா?