பத்து வருடம் கழித்துத் தேடி வருபவருக்கு

போன மாதம் என் லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு தொல்லை. பாட்டு நின்ற சில நொடிகளில் ஸ்பீக்கரிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். மறுபடி எதையாவது ஓடவிட்டால் இன்னொரு ‘டப்’. ஸ்பீக்கர் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று தேடினால், 2014-இல் ஒருவர் இதே ‘டப்’பைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். கீழே இன்னொருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். பேட்டரியை மிச்சப்படுத்த, சத்தம் இல்லாத நேரத்தில் டிரைவர் என்கிற இயக்கு நிரல் சவுண்ட் சிப்பை அணைத்துவிடுகிறது. அது அணையும்போதும் விழிக்கும்போதும் வருகிற சத்தம்தான் இது. பவர் சேவ் அளவை 0 ஆக்கிவிடுங்கள், போதும் என்கிறார். ஆக்கினேன், நின்றது. கேட்டவரும் அத்தோடு போய்விடவில்லை. திரும்பி வந்து, ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடுகிறது, நிலைக்க வேண்டுமென்றால் இன்ன கோப்பில் இந்த வரியை எழுதிவையுங்கள் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

சமூகம் சேர்ந்து எழுதுகிற, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு கஸ்டமர் கேர் எண் கிடையாது. எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் உதவி. லினக்ஸ் பிறந்ததே அப்படிப்பட்ட பேச்சில்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ், யூஸ்நெட் என்ற அந்தக் கால இணையப் பேச்சரங்கில், மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் குழுவில், ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது பிடிக்காததைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த மடலை இன்றைக்கும் நாம் படிக்க முடிகிறது. யாரோ பத்திரமாக எடுத்து வைத்ததால் முடிகிறது. தேஜா நியூஸ் என்ற தளம் 1995-இல் யூஸ்நெட் பேச்சுகளைச் சேர்த்துத் தேடக் கொடுத்தது, 2001-இல் அதை கூகுள் வாங்கியது.

எடுத்து வைப்பது தனி வேலை. அதைச் செய்கிறவர் களைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016-இல் பார்த்தோம். மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் எத்தனையோ மடலாடற்குழுக்களின் பழைய மடல்களை வைத்திருந்த ஜிமேன் என்ற காப்பகத்தின் இணையப் பக்கங்கள் நின்றுபோயின. மென்பொருள் பிழைகளைப் பதியும் வழு அறிக்கைகளில் “காரணம் இங்கே இருக்கிறது” என்று கொடுத்திருந்த சுட்டிகள் ஒரே நாளில் செத்துப்போயின. பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் தங்கள் மடல்களுக்குத் தாங்களே ஒரு காப்பகம் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது பல திட்டங்களில் “உதவிக்கு எங்கள் டிஸ்கார்டுக்கு வாருங்கள்”, இல்லையென்றால் டெலிகிராம், இரண்டும் அரட்டைச் செயலிகள். எனக்கு இதில்தான் ஆத்திரம். அங்கே இரண்டு நிமிடத்தில் பதில் வருகிறது, மறுக்கவில்லை. புதிதாக வருகிறவரை யாரும் கடிப்பதும் இல்லை. பழைய இடங்களில் “முதலில் தேடிப் பாரும்” என்று விரட்டுவார்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த விரட்டலாகவே இருக்கும்! ஆனால் அரட்டையில் வந்த நல்ல பதில் மறுநாளே ஆயிரம் செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. குழுவில் சேராதவருக்குத் தேடுபொறியில் அது சிக்காது. அதே கேள்வி வாரம் மூன்று முறை வரும். பதில் சொல்கிற நாலு பேரும் ஒரு கட்டத்தில் சலித்து ஒதுங்கிவிடுவார்கள்.

பொது இடத்தில் கேட்கிறவர்களும் சும்மா இல்லை. பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்துப் போடுகிறார்கள். அந்த எழுத்துகளை அப்படியே அடித்துத் தேடப்போகும் அடுத்த ஆளுக்கு அந்தப் படம் கண்ணில் படுமா? இன்னும் சிலர், கணினி எழுதிவைக்கும் முழு லாகையும், ஒட்டிய எழுத்து முப்பது நாளில் அழிந்துவிடும் ஒரு பேஸ்ட் தளத்தில் வைத்துவிட்டுச் சுட்டி மட்டும் தருவார்கள். எல்லாரையும்விட மோசம், “ஓகே, நானே சரி பண்ணிட்டேன், நன்றி” என்று எழுதிவிட்டு மறைகிறவர். எப்படி சரி பண்ணினீர்கள் ஐயா?

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 2012-இன் கட்டளையை இன்றைய கணினியில் ஒட்டி நெட்வொர்க்கையே இழந்தவன் நான். தேதியும் பதிப்பு எண்ணும் பார்க்காதது என் தப்பு. சரி, ஏஐயிடம் கேட்டால் போதாதா என்பீர்கள். கேட்கலாம். அது படித்ததில் பெரும்பங்கு இப்படிப் பொதுவில் கிடந்த பதில்கள்தாம். புதுப் பதிப்பின் சிக்கலை யாரும் வெளியே எழுதியிருக்காவிட்டால், இல்லாத ஒரு செட்டிங்கை இருப்பதுபோலவே சொல்லும். எனக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறது.

போன வாரம் ஒரு குழுவில் நண்பர் ஒருவர், ஸ்கேனர் வேலை செய்யாத ஒருவருக்கு நாற்பது வரியில் அருமையாக பதில் எழுதினார், எந்தப் பதிப்பு, எந்த பேக்கேஜ் என்பது வரைக்கும். இதைப் பொதுவில் போடுங்களேன் என்றேன். “யாருங்க தேடி வந்து படிக்கப் போறாங்க?” என்றார். அந்த 2014 ‘டப்’ பதிவின் சுட்டியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.